தேங்காய்ப்பூத் துண்டும் தையல் ஊசியும்

ஜவுளிக்கடையில் 'டர்க்கி டவல்' என்று கேட்டு வாங்குகிறோமே, அதற்குத் தமிழில் தேங்காய்ப்பூத் துண்டு என்று பேர் வைத்த புண்ணியவான் யாரோ தெரியாது. அவர் கண்ணுக்கு ஒரு கும்பிடு. துருவின தேங்காயைத் தூவின மாதிரி துணி முழுக்க நூல் எழும்பி நிற்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. இந்தப் பதிவு முழுக்க அந்தப் பூவைப் பற்றித்தான். இன்னும் சரியாகச் சொன்னால், அந்தப் பூவின் மேல் மெஷினில் எம்பிராய்டரி போட மனுஷன் பட்ட பாடு பற்றி.

வீட்டில் ஒரு நல்ல துண்டு இருந்தால் எடுத்துப் பாருங்க. இரண்டு முனையிலும் ஓரத்திலிருந்து நாலு விரக்கடை தள்ளி, பூ இல்லாமல் வழவழவென்று ஒரு பட்டை ஓடும். ஓட்டல் பேரோ கல்யாணப் பரிசு எழுத்தோ பல துண்டுகளில் அந்தப் பட்டையில்தான் இருக்கும். அழகுக்காக விட்ட இடம் என்று பலர் நினைப்பார்கள். அழகும் உண்டுதான். ஆனால் ஊசிக்கும் பூவுக்கும் ஆகாது என்பதால் இருவருக்கும் தனித்தனியாக இடம் ஒதுக்கின கதையும் அதில் இருக்கிறது.

துருக்கியிலிருந்தே ஆரம்பிக்கலாம். ஒட்டோமான் காலத்து ஹமாம், அதாவது பொதுக் குளியல் வீடு, சும்மா குளித்துவிட்டு வருகிற இடம் இல்லை. கல்யாணத்துக்கு முன் பெண்ணை அழைத்துக்கொண்டு போவார்கள், பிள்ளை பெற்றவளை அழைத்துக்கொண்டு போவார்கள், ஊர்க்கதை எல்லாம் அங்கேதான். அதற்குக் கொண்டுபோகும் துண்டு குடும்பத்தின் கௌரவம். பெண்ணுக்குச் சீர் வைக்கும் பெட்டியில் பூவேலை செய்த துண்டுகள் கட்டாயம் இருக்கும். பட்டு நூலிலும் ஜரிகையிலும் கையால் போட்ட வேலை. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அந்தக் காலத்துத் துண்டுகள் நிறைய இருக்கின்றன. இரண்டு விஷயம் கவனிக்கணும். ஒன்று, வேலை எல்லாம் துண்டின் இரு முனையில்தான். இரண்டாவது, முன்பக்கம் எது பின்பக்கம் எது என்று தெரியாத அளவுக்கு இரு பக்கமும் ஒரே மாதிரி தையல். துண்டு மாட்டித் தொங்கும், தோளில் புரளும், திருப்பித் துடைப்பார்கள். பின்பக்கம் முடிச்சும் நூலுமாக இருந்தால் மானம் போகாதா? இந்த இரண்டாவது விஷயத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னால் தேவைப்படும்.

பூ வைத்த துண்டு நெய்வதற்குப் பேர் போன ஊர் புர்சா. அங்கே தறியில் கையால் செய்துகொண்டிருந்ததை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனவர் ஹென்றி கிறிஸ்டி என்ற ஆங்கிலேயர். தொப்பி வியாபாரக் குடும்பம். இந்த ஆள் ஒரு தனிக்கதை. 1856-ல் எட்வர்ட் டைலர் என்ற இளைஞரை ஹவானாவில் சந்தித்து மெக்ஸிகோவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அந்த டைலர்தான் பிற்காலத்தில் மானிடவியலின் தந்தை என்று பேர் வாங்கினவர். கிறிஸ்டி அப்புறம் பிரான்ஸில் லார்த்தே என்பவரோடு சேர்ந்து குகைகளைத் தோண்டி ஆதிமனிதனின் எலும்புச் செதுக்கல்களை எடுத்தார். 1865-ல் இறந்தபோது அவர் சேர்த்ததெல்லாம் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போனது. இவ்வளவும் செய்த மனிதரை இன்று நாம் தொடுவது குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது மட்டும்தான் :-)

துருக்கியிலிருந்து அவர் கொண்டுவந்த துண்டைப் பார்த்து, அவர்கள் ஆலையில் வேலை பார்த்த சாமுவேல் ஹோல்ட் என்பவர் இயந்திரத் தறியிலேயே பூ எழுப்பும் வழியைக் கண்டுபிடித்தார். 1851-ல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் அந்தத் துண்டு வைக்கப்பட்டது.

அந்தத் தறியின் வேலையைக் கொஞ்சம் சொல்லணும், இல்லையென்றால் ஊசியின் கஷ்டம் புரியாது. சாதாரணத் துணிக்கு ஒரு பாவு போதும். இதற்கு இரண்டு. ஒன்று விறைப்பாக இழுத்துக் கட்டின பாவு, இன்னொன்று தொளதொளவென்று விட்ட பாவு. ஊடை நூல் இரண்டு தடவை குறுக்கே போகும்வரை அச்சு அதை முழுசாக அடிக்காது, கொஞ்சம் இடைவெளி விட்டு நிறுத்திவிடும். மூன்றாவது ஊடை போனதும் மூன்றையும் சேர்த்து ஒரே அடியாக முன்னால் தள்ளும். விறைத்த பாவின் மேல் ஊடைகள் வழுக்கிக்கொண்டு போகும். தளர்ந்த பாவுக்குப் போக இடம் இல்லை. அது மடிந்து மேலேயும் கீழேயும் வளையமாக எழும்பும். அதுதான் தேங்காய்ப்பூ. ஆக அந்த வளையம் துணியில் ஒட்டின பொருள் இல்லை, பாவு நூலே துள்ளி நிற்பது. அழுத்தினால் சாயும், விட்டால் நிமிரும், இழுத்தால் உருவிக்கொண்டு வரும். தண்ணீரைக் குடிக்க இதைவிட நல்ல அமைப்பு இல்லை. எழுதுவதற்கோ இதைவிட மோசமான தாள் கிடையாது.

இதே காலத்தில் சற்றுத் தள்ளி எம்பிராய்டரி மெஷின் தனியாக வளர்ந்துகொண்டிருந்தது. பிரான்ஸின் முலூஸ் நகரத்து ஜோசுவே ஹைல்மான் 1828-ல் செய்தது முதல் வெற்றிகரமான இயந்திரம். துணியைச் சுவர் மாதிரி செங்குத்தாக நிறுத்தியிருப்பார்கள். இரு முனையும் கூராக, நடுவில் காது உள்ள ஊசிகள் வரிசையாக நிற்கும். இந்தப் பக்கத்து வண்டி ஊசிகளைத் துணிக்குள் தள்ளும், அந்தப் பக்கத்து வண்டி பிடித்து இழுக்கும், திரும்பத் தள்ளும். தொழிலாளி இடது கையில் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஆறு மடங்கு பெரிதாக வரைந்த படத்தின் மேல் புள்ளி புள்ளியாக நகர்த்துவான். அவன் ஒரு அங்குலம் நகர்த்தினால் துணி அதில் ஆறில் ஒரு பங்கு நகரும். வலது கையில் சக்கரம், காலில் மிதி. கையால் போடும் அதே தையலை ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கில் போட்டது அந்த மெஷின். ஊசி முழுசாக அந்தப் பக்கம் போய் வருவதால் இரு பக்கமும் ஒரே மாதிரி விழும். துருக்கிக்காரிகளின் நியாயம் இங்கே வரைக்கும் காப்பாற்றப்பட்டது.

சுவிட்சர்லாந்தின் செயிண்ட் காலன் பகுதியில் இதை 1850 வாக்கில் செப்பம் செய்து தொழிலாக்கினார்கள். அங்கேதான் எனக்கு மனசு சங்கடப்படுகிற ஒரு அத்தியாயம் வருகிறது. இந்த மெஷினில் நூல் உருண்டையிலிருந்து ஓடி வராது. ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு துண்டு நூல், சுமார் ஒரு மீட்டர் நீளம். தீர்ந்ததும் ஊசி எல்லாவற்றிலும் மறுபடி கோக்கணும். ஒரு மெஷினில் முந்நூறு ஊசி என்றால் முந்நூறு காது. சின்ன விரலும் கூரான கண்ணும் வேண்டிய வேலை. யாரை வைத்துச் செய்திருப்பார்கள் என்று நான் சொல்லணுமா? 1877-ல் சுவிஸ் தொழிற்சாலைச் சட்டம் வந்து, பதினாலு வயசுக்குக் கீழ் உள்ள பிள்ளைகள் ஆலையில் வேலை செய்யக்கூடாது என்றது. நல்ல சட்டம். ஆனால் அது வீட்டுக்குள் நடக்கும் வேலைக்குப் பொருந்தாது. நிறைய மெஷின்கள் ஆலையை விட்டு விவசாயிகள் வீட்டுக் கீழ்த்தளத்துக்குப் போயின. அப்பா மெஷினில், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதற்கு முன்னும் வந்த பின்னும் ஊசி கோத்தபடி. சிவகாசித் தீப்பெட்டி ஒட்டும் வேலை வீடுகளுக்குள் போன கதை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1863-ல் இசாக் குரோப்லி என்பவர் தையல் மெஷினைப் பார்த்து யோசித்து வேறு மாதிரி ஒன்று செய்தார். மேலே ஓயாமல் ஓடும் நூல், பின்னால் படகு வடிவச் சின்ன நாடா. 'ஷிஃப்லி' என்று பேர், அவர்கள் பேச்சில் குட்டிப்படகு என்று அர்த்தம். ஊசிக்கு ஊசி நூல் வெட்டிக் கோக்கும் கொடுமை வெகுவாகக் குறைந்தது, வேகம் பல மடங்கு கூடியது. அவர் மகன் ஜோசப் அர்னால்ட் குரோப்லி 1898-ல் ஓட்டை போட்ட அட்டை வைத்துப் படத்தை மெஷினே படித்துப் போடும்படி செய்தார். கம்பியைப் பிடித்து நகர்த்த ஆள் வேண்டாம். 1910 வாக்கில் சுவிட்சர்லாந்தின் ஏற்றுமதியிலேயே முதல் இடம் எம்பிராய்டரிக்கு. கடிகாரம், சாக்லேட் எல்லாம் அப்போது அதற்குப் பின்னால்தான். அப்புறம் முதல் உலகப்போர் வந்தது, பெண்கள் உடை எளிமையானது, எல்லாம் சரிந்தது. 1920-களில் மெஷின்களை உடைத்துப் போடுவதற்குக் காசு கொடுத்தார்கள்.

குட்டிப்படகால் ஒரு நஷ்டமும் வந்தது. மேல்நூல், கீழ்நூல் என்று இரண்டாகப் பிரிந்ததால் எம்பிராய்டரிக்கு முதுகு முளைத்துவிட்டது. ஜாக்கெட்டிலும் திரைச்சீலையிலும் முதுகை யார் பார்க்கப் போகிறார்கள்? துண்டில் பார்ப்பார்கள். இன்றைக்கும் கடையில் எழுத்துப் போட்ட துண்டைத் திருப்பினால் வெள்ளை பாபின் நூல் பல்லைக் காட்டும்.

சரி, துண்டில் எழுத்து எதற்கு? ஆடம்பரம் என்று சொல்லிவிடலாம். அதன் வேர் சலவைக் கணக்கில் இருக்கிறது. ஐரோப்பிய வீடுகளில் படுக்கை விரிப்பு, மேஜைத்துணி, துண்டு எல்லாவற்றிலும் குடும்பத்தின் முதலெழுத்தும் ஒரு எண்ணும் சின்னதாகக் குறுக்குத் தையலில் போடுவார்கள். வெளுக்கப் போட்டது திரும்பி வந்ததா, எத்தனை டஜனில் எத்தனை குறைகிறது என்று பார்க்க. நம்ம ஊர் வண்ணார் குறி மாதிரியேதான், என்ன, இங்கே சேராங்கொட்டைச் சாறு, அங்கே நூல். அந்த நூல் பெரும்பாலும் 'துருக்கிச் சிவப்பு' சாயம் ஏற்றியது, கொதிக்கிற வெள்ளாவியிலும் போகாது. (அந்தச் சிவப்புக்குக் காரணமான அலிசரின் நம்ம கிழக்குக் கரை சாயவேரிலும் உண்டு. அது தனிப் பதிவுக்கான சமாச்சாரம்.) ஓட்டல்களும் ஆஸ்பத்திரிகளும் பெருகினபோது இந்தத் தேவை பல மடங்கானது. பிறகுதான் எழுத்து பெரிதாகி, வளைந்து நெளிந்து, அலங்காரமாச்சு.

மெஷின் வந்ததும் இந்த எழுத்தையும் அதில் போட்டுவிடலாம் என்று நினைத்தார்கள். இங்கேதான் தேங்காய்ப்பூ குறுக்கே நின்றது. மெல்லிய துணியில் தையல் மேலே உட்காரும். பூத்துண்டில் தையல் வளையங்களுக்கு நடுவே புதைந்துவிடும். புதையாத இடத்தில் இரண்டு தையலுக்கு நடுவே வளையம் தலையை நீட்டும். போட்ட அன்று 'க' மாதிரி இருக்கும், நாலு தடவை துவைத்ததும் புல் முளைத்த கல்வெட்டு. போதாக்குறைக்கு வளையம் மாட்டுகிற தொல்லை. எம்பிராய்டரி பிரேமின் இரண்டு வளையத்துக்கு நடுவில் தடித்த துண்டு லேசில் அடங்காது. திருகி அடக்கினால் கழற்றின பிறகு வட்டமாக ஒரு தழும்பு.

அதற்கு ஆளாளுக்கு வைத்தியம் செய்தார்கள். பட்டை நெய்து அதில் போடுவது பழைய துருக்கி வழி. வேறு துணியில் எழுத்தைப் போட்டு வெட்டி ஒட்டித் தைப்பது இன்னொன்று. 1860-களில் பாரிஸில் பொன்னாஸ் என்பவர் உருவாக்கி கோர்னெலி பேரில் பிரபலமான மெஷின் வேறு வழி காட்டியது. மேஜைக்கு அடியில் ஒரு கைப்பிடி இருக்கும். அதைத் திருப்பின பக்கம் துணி போகும், ஊசிக்குப் பதிலாக ஒரு கொக்கி சங்கிலித் தையல் போடும். அதையே கொஞ்சம் மாற்றினால் பாசி மாதிரி வளையம் வளையமாக மேலே விட்டுக்கொண்டு போகும். பூவை அடக்காமல் பூவாலேயே எழுதுவது! இன்றைக்கும் அந்த மெஷினில் போட்ட எழுத்தைப் பார்த்தால் துண்டோடு பிறந்த மாதிரி இருக்கும். எனக்கு இந்த வழிதான் ரொம்பப் பிடித்தது. ஆனால் பொடி எழுத்துக்கு இது ஒத்துவராது.

சாதாரண மிதி மெஷினில் துணி தள்ளும் பல்லை இறக்கிவிட்டு, அழுத்தும் காலைக் கழற்றிவிட்டு, பிரேமைக் கையால் நகர்த்தியே எம்பிராய்டரி போடுவது எல்லா ஊரிலும் பரவினது. சிங்கர் கம்பெனி இதற்காகவே 1911-ல் ஒரு புத்தகம் போட்டது. நம்ம ஊர்த் தையல் வகுப்புகளில் சொல்லிக்கொடுத்ததும் இதே முறைதான். இப்படிப் போடுகிறவர்கள் துண்டின் மேல் மெல்லிய தாளை வைத்து அதன் மேலேயே தைத்து, முடிந்ததும் கிழித்து எடுப்பார்கள். வளையத்தைத் தாள் அமுக்கிப் பிடிக்கும், தையல் தாளின் மேல் உட்காரும். யோசனை அருமை. கிழிக்கும்போதுதான் வினை. தையலுக்கு நடுவே மாட்டிக்கொண்ட தாள் துணுக்கை ஊசி முனையால் ஒவ்வொன்றாகக் கிளறணும். இழுத்தால் தையலும் கூட வரும்.

மேலே வைத்த பொருள் வேலை முடிந்ததும் தானாகக் காணாமல் போனால் எப்படி இருக்கும்? இந்த யோசனையின் பாதி, செயிண்ட் காலன்காரர்களிடம் 1880-களிலேயே இருந்தது. பட்டுத்துணியில் பருத்தி நூலால் எம்பிராய்டரி போட்டு, பட்டை மட்டும் ரசாயனத்தில் கரைத்துவிடுவார்கள். மிஞ்சுவது வெறும் தையல், அதுவே லேஸ். ஆனால் துண்டைக் காரத்தில் முக்க முடியாதே. பச்சைத் தண்ணீரில் கரையும் ஒன்று வேண்டும்.

அது வந்தது துணித் தொழிலிலிருந்தே இல்லை. 1924-ல் ஜெர்மனியில் ஹெர்மான், ஹேனல் என்ற இரண்டு வேதியியலாளர்கள் பாலிவினைல் ஆல்கஹால் என்ற பொருளைச் செய்தார்கள். பிளாஸ்டிக் குடும்பம், ஆனால் தண்ணீரில் கரையும். கரைகிற பிளாஸ்டிக்கை வைத்து என்ன செய்ய? ஜப்பானில் கியோட்டோவில் சகுராடா இச்சிரோவும் கொரியரான ரி சுங்-கியும் 1939-ல் இதைக் கரையாத நூலாக மாற்றினார்கள், வினைலான் என்று பேர். ரி பிற்பாடு வடகொரியாவுக்குப் போய், 1961-ல் அங்கே பெரிய ஆலையே வந்து, அந்த நாட்டின் பெருமைச் சின்னமாச்சு. கரைகிற குணத்தை ஒழிக்க இவர்கள் பாடுபட, அந்தக் குணமே வேண்டும் என்று வேறு சிலர் மெல்லிய படலமாக இழுத்தார்கள். ஆஸ்பத்திரியில் தொற்றுள்ள துணியை அள்ளி, பையோடு மெஷினில் போட்டுவிடுகிறார்களே, அந்தக் கரையும் பை இதே பொருள்தான். எம்பிராய்டரிக்காரர்கள் கையில் அதே படலம் கிடைத்தபோது துண்டுப் பிரச்சினை பாதி தீர்ந்தது. துண்டின் மேல் பாலிதீன் மாதிரி விரிப்பார்கள், தைப்பார்கள், மிச்சத்தைக் கிழிப்பார்கள், நடுவில் மாட்டினது முதல் அலசலில் கரைந்து போகும்.

மெஷின் வரலாறு எழுதுகிறவர்கள் இந்தப் படலத்தைக் கண்டுகொள்வதில்லை. ஜப்பானின் டஜிமா கம்பெனி 1964-ல் பல தலை கொண்ட தானியங்கி மெஷினைக் கொண்டுவந்தது, ஆஸ்திரேலியாவின் வில்காம் 1980-ல் கம்ப்யூட்டர் திரையில் எம்பிராய்டரி வரையும் மென்பொருளைத் தந்தது, ஜனோமே 1990-ல் வீட்டு மேஜையில் வைக்கும் மெஷினை விற்றது என்று வரிசையாக எழுதுவார்கள். எல்லாம் பெரிய காரியம்தான். ஆனால் அத்தனை தலையும் அத்தனை மென்பொருளும் சேர்ந்து, படலம் இல்லாத துண்டில் ஒரு சின்ன எழுத்தை உருப்படியாகப் போட்டுவிடாது. ஒரு வேலைக்கு அடிப்படையான பொருள், வேலை முடிந்ததும் சாக்கடையில் போய்விடுகிறது, சரித்திரத்திலும் அதே கதி.

மென்பொருள் தன் பங்குக்குச் செய்த உதவியையும் சொல்லணும். எழுத்தைப் போடுவதற்கு முன், துண்டின் நிறத்திலேயே நூல் போட்டு வலை மாதிரி மெல்லிசாக ஒரு தையல் ஓட்டி வளையங்களைப் படுக்கவைத்துவிடுவது. துவைத்தாலும் அது எழும்பாது. படலம் முதல் துவைப்பு வரைக்கும் காவல், இந்த வலைத்தையல் ஆயுசுக்கும் காவல். பிரேம் தழும்புக்கும் வழி வந்தது. அடித்தாளை மட்டும் வளையத்தில் மாட்டி அதன் மேல் துண்டை ஒட்டிவிடுவார்கள், துண்டு நசுங்காது. இவ்வளவு செய்தும் முக்கால் அங்குலத்துக்குக் குறைந்த எழுத்தைப் பூவின் மேல் போடச் சொல்லி யாராவது கேட்டால் நான் பட்டையைத்தான் காட்டுவேன். அதுவும் தமிழ் எழுத்தென்றால் சுழியும் கொம்பும் வேறு, 'ணை' போடுவதற்குள் மெஷினுக்கே தலை சுற்றும்.

திருப்பூரிலோ சூரத்திலோ கம்ப்யூட்டர் எம்பிராய்டரிக் கடையில் போய் நின்றால் ஒரு வார்த்தை காதில் விழும்: 'பஞ்சிங்'. படத்தைத் தையலாக மாற்றிக் கொடுக்கும் வேலைக்கு அதுதான் பேர், செய்கிறவர் 'பஞ்சர்'. திரையில் எலியைத் தட்டிச் செய்கிற வேலையில் எங்கேயும் ஓட்டை இல்லை. 1898-ன் அட்டை ஓட்டை இன்னும் பேச்சில் மட்டும் மிச்சம்.

இனி, எம்பிராய்டரியே எதற்கு, தறியிலேயே எழுத்தை நெய்துவிடலாமே என்று கேட்கலாம். நெய்யலாம். விம்பிள்டன் ஆட்டக்காரர்கள் வியர்வை துடைக்கிற துண்டில் எழுத்து அப்படி நெய்ததுதான், பல வருஷங்கள் அதைக் கொடுத்தது அதே கிறிஸ்டி கம்பெனி. துருக்கியில் பார்த்து லங்காஷயரில் நெய்த அந்தக் கம்பெனியை 2006-ல் நம்ம நாட்டு வெல்ஸ்பன் வாங்கியது. ஆனால் தறியில் எழுத்து நெய்ய ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரி வேண்டும். 'சங்கீதாவுக்கு' என்று ஒரே ஒரு துண்டு வேண்டுமென்றால் தறிக்காரர் கதவைச் சாத்திவிடுவார். அங்கே ஊசிதான். கரூரிலும் சோலாப்பூரிலும் மூட்டை மூட்டையாக நெய்த வெற்றுத் துண்டு, தெருக்கோடியில் ஒற்றைத் தலை மெஷின் வைத்திருக்கும் ஒருத்தரிடம் வந்துதான் ஒருத்தர் பேரை வாங்கிக்கொள்கிறது.

அந்தப் பேரைப் போடச் சொல்லும்போது ஒன்று மட்டும் கேட்டு வாங்குங்க. மேல்நூல் என்ன நிறமோ அதே நிறத்தில் பாபினும் சுற்றச் சொல்லுங்க. பத்து நிமிஷம் கூட ஆகும், கொஞ்சம் முணுமுணுப்பார். ஆனால் துண்டைத் திருப்பினால் வெள்ளை இளிக்காது. எழுத்து என்னமோ இடவலம் மாறித்தான் தெரியும், அதற்கு இன்னும் யாரும் வழி கண்டுபிடிக்கவில்லை. பூவும் கொடியுமாகப் போடச் சொன்னால் அந்தக் கவலையும் இல்லை, துருக்கிக்காரிகள் போட்டதும் அதைத்தான்.